நாய்க்குக் குடற்புழு இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்து கொடுத்தும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி கேட்டவர் வீட்டு நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது, பூச்சி மாத்திரை கொடுத்தும் ஒரு மாதத்தில் மறுபடி அதே கதை என்கிறார். தேய்த்தால் பூச்சிதான் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல நேரம் அது ஆசனவாய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டதால் வருகிற அரிப்பு. நாடாப்புழு இருந்தாலும் தேய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. வளர்ந்த நாய்க்கு வயிற்றில் புழு இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம். நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், மலமும் கெட்டியாகவே போகும்.

மடிப்பாக்கம் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். இரண்டும் தெருவிலிருந்து வந்தவை. நான் பார்ப்பது இரண்டே இடம்: மலம், ஈறு.

மலத்திலோ வாலுக்கடி முடியிலோ அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக இருந்தால் நெளியும். மலத்திலோ வாந்தியிலோ ஐந்தாறு அங்குல நீளத்தில் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தால் உருண்டைப்புழு. இது குட்டிகளுக்குத்தான் அதிகம். தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொற்றிவிடும், பிறகு பால் வழியாகவும் வரும். உடம்பு இளைத்து வயிறு மட்டும் உப்பி, முடி மினுமினுப்பு இல்லாமல் இருக்கும் குட்டியைப் பார்த்து “நல்லா சாப்பிடுது போல, தொப்பையைப் பாரு” என்று கொஞ்சுபவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தொப்பை பல நேரம் புழு.

நான் அதிகம் பயப்படுவது கொக்கிப்புழுவுக்கு. ஓர் அங்குலம்கூட இருக்காது, குடல் சுவரைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும், மலத்தில் கண்ணுக்குத் தென்படுவது அபூர்வம். அதன் இளம் புழுக்கள் ஈர மண்ணில் காத்திருந்து பாதத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். நம் ஊர்ச் சூடும், ஐப்பசி கார்த்திகை மழையில் காயாமல் கிடக்கும் மண்ணும் அதற்கு ரொம்ப வசதி. மலம் தார் மாதிரி கறுத்துப் போகும், நாய் சீக்கிரம் களைத்துப் படுத்துக்கொள்ளும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சின்னக் குட்டி இதனாலேயே செத்தும் போகும். (ஈறே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பார்க்கலாம்.)

இன்னொரு விஷயம். சென்னையில் ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். உண்ணி பரப்பும் கிருமிகளும் இதே மாதிரி இரத்தத்தைக் குறைத்துவிடும். பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் நாய் கைவிட்டுப் போகலாம். இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதேபோல தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் இரத்தபேதியுமாகக் கிடந்தால் அதைப் புழு என்று நினைக்க வேண்டாம். பார்வோ வைரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். எல்லா மருந்தும் எல்லாப் புழுவுக்கும் வேலை செய்யாது. பைரண்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். பெருங்குடலில் இருக்கும் சாட்டைப்புழுவுக்கு ஃபெபாண்டெல் அல்லது ஃபென்பெண்டசோல். கடையில் நாய்க்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் பைரண்டெல், ஃபெபாண்டெல், பிராசிகுவாண்டெல் மூன்றும் இருக்கும். அட்டையைப் படித்து வாங்குங்கள். அளவு எடையைப் பொறுத்தது, கண்மதிப்பு வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

குட்டிக்கு 2 வாரத்தில் தொடங்கி 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இத்தனை முறை எதற்கு என்றால், மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்கிறது. உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம் புழு தப்பித்து, சில வாரம் கழித்துக் குடலுக்கு வந்து சேரும். குட்டிக்குக் கொடுக்கும்போது தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சினை நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த அல்பெண்டசோலைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. ஐவர்மெக்டின் ஊசியும் கோலி வகை நாய்களுக்கு ஆபத்தாக முடியலாம். பூண்டு கொடுத்தால் பூச்சி போகும் என்று இன்னமும் சொல்கிறார்கள். புழு போகிறதோ இல்லையோ, பூண்டு நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். இனிப்பு சாப்பிட்டதால் பூச்சி வந்தது என்பதும் கதைதான். வெளியிலிருந்து தொற்றாமல் புழு வராது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. மாத்திரை கொடுத்து மூன்று நான்கு வாரத்தில் மறுபடி அரிசி தெரிகிறதென்றால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் முடியை விலக்கித் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நாடாப்புழு பரவுவதே தெள்ளுப்பூச்சி வழியாகத்தான். நாய் உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கிவிடும், அதன் வயிற்றிலுள்ள புழு நாய்க்குள் வளரும். தெள்ளுக்கு மருந்து போட்டு, படுக்கைத் துணியை வெந்நீரில் அலசும்வரை எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இதே கதைதான்.

மற்ற புழுக்களுக்கு மண்தான் காரணம். மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழு முட்டை விழுந்த அன்றே தொற்றாது, மண்ணில் இரண்டு வாரமாவது முதிர வேண்டும். ஆனால் முதிர்ந்துவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் அசையாது. இது நமக்கும் தொற்றும் என்பதால் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குக் கை கழுவும் பழக்கம் கட்டாயம். உள்ளே போன இளம் புழு கண்ணைக்கூடப் பாதிக்கலாம். கொக்கிப்புழு மனிதர்களின் தோலுக்குள் நுழைந்தால் வளைந்து வளைந்து சிவந்த கோடு போல அரிக்கும். தெருநாய் திரியும் மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு அப்படி ஒரு தடிப்பு வந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். காலையில் போன மலத்தில் கொஞ்சம், மண் ஒட்டாமல், மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுத்து அன்றைக்கே கொண்டுபோனால் நுண்ணோக்கியில் முட்டையைப் பார்த்து எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் இந்த வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நாடாப்புழு மட்டும் இதில் பல நேரம் தப்பித்துவிடும் என்பதால், வாலுக்கடியில் அரிசி பார்த்திருந்தால் அதையும் வாயால் சொல்லிவிடுங்கள், முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்.