ஸ்டீரியோ இல்லாத பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதில் பாட்டுக் கேட்க என்ன வழி?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டை வெட்டாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் இன்னும் கார் அக்சஸரீஸ் கடைப் பக்கம் போகவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1968 மாடல் ஃபியட் 1100 டிலைட். பத்மினி என்ற பெயர் வருவதற்கு முந்தைய வண்டி. ஸ்டீயரிங் தண்டில் கியர், தகர டேஷ்போர்டு, ஏசி கிடையாது. அப்பா 1981-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அந்தக் காலத்தில் கார் ரேடியோ என்பது தனியாகக் காசு போட்டு மாட்டுகிற சாமான். அது போதாதென்று, ரேடியோ வைத்திருப்பதற்கே தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதனால் எங்கள் காரில் பாட்டு என்றால் அம்மா மடியில் இருக்கும் டிரான்சிஸ்டர்தான். சுற்றிலும் தகரக் கூடு என்பதால் மீடியம் வேவ் உள்ளே சரியாக எடுக்காது. ஜன்னலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். மதுரையிலிருந்து திருச்சி போகிற வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வருவது என் வேலை. வண்டி வேகம் எடுக்க எடுக்க, இக்னிஷன் கரகரப்பும் கூடவே ஏறும்.

1997-ல் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு கேசட் ப்ளேயர் வாங்கினேன். அப்பா ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்து வண்டியைக் கடைக்கு எடுத்துப் போனேன். "அண்ணே, வெட்டினாத்தான் உக்காரும்" என்றான் கடைப் பையன். சரி என்றேன். நாலு மூலையிலும் ட்ரில் போட்டு, ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து அறுத்தான். தகரத்தூள் கால்மிதி மேல் விழுந்தது. வெட்டுவாயில் மேலே வெள்ளைப் பெயின்ட், அடியில் சிவப்பு பிரைமர், அதற்கும் கீழே பளபளவென்று இரும்பு, மூன்றும் கோடு கோடாகத் தெரிந்தன. 29 வருஷம் துருப்பிடிக்காமல் இருந்த தகரம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பனியன் துணியால் டேஷ்போர்டைத் துடைப்பார். அடுத்த ஞாயிறு துணி அந்த ஓரத்தில் மாட்டிக் கிழிந்தது. அதற்கடுத்த ஞாயிறு விரலைக் கிழித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒரு சைக்கிள் ட்யூபைக் கீறி, வெட்டின ஓரம் நெடுக வைத்து ஒட்டியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறு வருஷம் பழனிக்குப் போய்விட்டு ராத்திரி திரும்புகிறோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது, ஹெட்லைட் இரண்டும் அணைந்தன. அப்பா இருட்டில் குத்துமதிப்பாக ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். அம்மாவும் தங்கையும் விடியும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எலக்ட்ரீஷியன் பிரித்துக் காட்டினார்: கடையில் செட்டுக்கான கரன்ட்டை ஹெட்லைட் சுவிட்சுக்குப் போகும் வயரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இடையில் ஃப்யூஸ் இல்லை. முப்பது வருஷ வயர், மேலுறை காய்ந்து வெடித்துப் போனது. அது எப்படித் தாங்கும்?

ஆகவே வயரிங்கைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கால வண்டிகளில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். சிக்னலில் நிற்கும்போது அது கிட்டத்தட்ட ஒன்றும் தராது; சார்ஜ் லைட் சிவப்பாக மினுக்குவது அதனால்தான். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தாலே ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அதன் மேல் பெரிய செட்டை ஏற்றினால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உங்களுடையது மாரிஸ் மைனர் மாதிரி 1950-களின் பிரிட்டிஷ் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் பல பாசிட்டிவ் எர்த். பாடி பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கும். இன்றைய செட்டின் தகர உறையோ மைனஸ். கொண்டுபோய் பாடியில் முடுக்கினால் நேரே ஷார்ட்தான். 1960-களின் முற்பாதி ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்றால் வண்டியே 6 வோல்ட்; 12 வோல்ட் செட் அதில் ஓடாது.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். சிகரெட் லைட்டரில் செருகும் அந்தக் குச்சி, போனில் ஓடும் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் கருவி. உங்கள் காரில் ரேடியோவே இல்லையே!

நான் இப்போது வைத்திருப்பது ஒரு மரப்பெட்டி. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. உள்ளே நாலு இன்ச் ஸ்பீக்கர் இரண்டு, ப்ளூடூத்தும் எஃப்எம்மும் உள்ள ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு, யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதன் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃப்யூஸ். வண்டியின் ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. மிதமான சத்தத்தில் மதுரையிலிருந்து கொடைரோடு போய்த் திரும்பியும் பேட்டரி மிச்சமிருக்கும். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்வேன். வண்டியோடு கரன்ட் சம்பந்தமே இல்லாததால் டைனமோவின் ஊளைச் சத்தமும் ஸ்பீக்கரில் வராது. முக்கால் மீட்டர் வயரை ஏரியலாக முக்கோணக் கண்ணாடி வழியே வெளியே விட்டால் (100 மெகாஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கு நீளம் அது) கொடைக்கானல் பண்பலை 100.5 சுத்தமாக எடுக்கிறது.

"இதற்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரே போதுமே" என்பீர்கள். போதும்தான், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் கண்ணாடி இறக்கி 60-ல் போனால் காற்றும் எஞ்சினும் சேர்ந்து அதை முழுங்கிவிடும். ஸ்டீரியோவில் மாதிரி இடம், வலம் பிரிந்து கேட்காதே என்று கவலைப்பட வேண்டாம். 1950, 60-களின் சினிமாப் பாட்டெல்லாம் மோனோவில் பதிவானவை; ஒரே பெட்டியில் கேட்டால் ஒன்றும் குறைந்துபோகாது.

வண்டியை மாற்றியமைத்து ஓட்டுவது அவரவர் உரிமை என்று சிலர் கோபப்படலாம். நான் மறுக்கவில்லை. உங்கள் வண்டி, உங்கள் காசு. ஆனால் அந்த டேஷ்போர்டு இனி எங்கும் செய்யப்படாது. எங்களுடையதை டிங்கரிங்கில் கொடுத்துத் தகரம் வைத்துப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்தோம். சாய்வெயிலில் பார்த்தால் ஒட்டுப்போட்ட நாலு ஓரமும் இன்னும் தெரிகிறது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இந்த வண்டியை இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியும், பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. 1968-ல் போட்ட ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. போன வருஷம் பெட்ரோல் ஹோஸ் ஊறி மெத்தென்று ஆகி, கார்பரேட்டர் பக்கம் கசிந்தது. வாசனை பிடித்து நிறுத்தியதால் தப்பித்தோம். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் கட்டுப்படியாகும் விலையில் ஊருக்கு ஒரு பங்க்கிலாவது கிடைக்க வேண்டாமா? நீங்கள் ஹோஸ்களை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் வேண்டாம். வெயிலில் பேட்டரி வீங்கும். திடீர் பிரேக்கில் நாலைந்து கிலோ கனம் பின்சீட்டில் இருப்பவர் தலையில் வந்து விழும். நான் முன்சீட்டுக்குப் பின்னால் தரையில், ஸ்பீக்கர் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, பெல்ட் போட்டுச் சீட்டின் காலோடு கட்டியிருக்கிறேன். சத்தத்தை அளவாக வையுங்கள். அப்பாவுக்கு 82 வயது, இப்போது பக்கத்துச் சீட்டில் வருகிறார். கொஞ்சம் கூட்டினால் போதும், "டேய், குறைடா, டேப்பட் சத்தம் கேக்கல" என்பார். அந்தச் சத்தம் மாறினால்தான் வால்வ் இடைவெளி பார்க்க வேண்டும் என்று தெரியும், அவர் சொல்வது சரி. ஆசாரியிடம் போவதற்கு முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தை, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி வைத்து டேப்பில் அளந்துகொள்ளுங்கள். நான் தள்ளாமல் அளந்ததால் பெட்டியை இரண்டாவது தடவை செய்ய வேண்டியதாயிற்று.