என் பெயரில் டாட் காம் இணையதள முகவரி கிடைக்கவில்லை. ஹைஃபன் போட்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நான் வாங்க மாட்டேன். முகவரியைப் போனில் சொல்லிப் பாருங்கள். "நடுவில் ஒரு கோடு, கீழே போடுகிற கோடு இல்லை" என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும்.

நம் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை, எழுத்துக்கூட்டல். எழிலரசன் என்றால் ஒருவர் செட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். சங்கீதாவில் டி-க்குப் பிறகு எச் உண்டா இல்லையா என்பது அவரவர் சான்றிதழைப் பொறுத்தது! அதனால் முழுப்பெயரை விட இனிஷியலோடு ஒரு குட்டிப் பெயர் நல்லது. விதிப்படி 63 எழுத்து வரை போகலாம். 12-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாட் காம் இல்லையென்றால் டாட் இன் தாராளமாகப் போதும். டாட் ஐஓ பார்க்க அழகு, விலை அதிகம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு என்பதும் நினைவிருக்கட்டும். நாட்டுக் குறியீடுகளுக்குப் பெரும்பாலும் நாட்டின் ஆயுள்தான். இப்போது இல்லாத யூகோஸ்லாவியா நாட்டின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. டாட் இந்தியா என்று தமிழிலேயே பதியவும் வழி உண்டு. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சில இடங்களில் அது எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகத் தெரியும். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காதீர்கள். புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், தளம் செய்து தருகிற நண்பர் பெயரில் வேண்டாம்.