2¹⁰⁰-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4 ஏன் வராது?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 2¹⁰⁰-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று ஒரு கணக்கு. பெரிய எண்ணைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதால் 100-ஐ 7-ஆல் வகுத்து, மீதி 2 வந்ததும் 2² = 4 என்று போட்டேன். விடைக்குறிப்பில் 2 என்று இருக்கிறது. எங்கே தவறு? இன்னொன்று: -17-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி -2 ஆ, 3 ஆ?

பதில்: விடைக்குறிப்பு சரிதான். சுருக்க வேண்டும் என்று நினைத்ததும் சரி. சுருக்கிய இடம்தான் தப்பு.

38 × 45-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 என்பது 35 + 3, 45 என்பது 42 + 3. பெருக்கி விரித்தால் 3 × 3 தவிர மற்ற எல்லாத் துண்டிலும் 7 ஒட்டிக்கொண்டிருக்கும். அவை மீதமின்றிப் போய்விடும். மிஞ்சுவது 9, அதிலும் ஒரு 7 போனால் 2. நேராகப் பெருக்கிப் பாருங்கள்: 1710 = 7 × 244 + 2. கூட்டலிலும் கழித்தலிலும் இதே கதைதான்.

ஆனால் 2¹⁰⁰-இல் இருக்கும் 100, பெருக்கப்படும் எண் அல்ல. 2-ஐ எத்தனை தடவை பெருக்குகிறோம் என்ற எண்ணிக்கை. அதற்கும் 7-க்கும் நேரடி உறவு கிடையாது. எதோடு உறவு என்பது, மீதிகளை வரிசையாக எழுதினால் தெரிந்துவிடும். 2-க்கு மீதி 2, 4-க்கு 4, 8-க்கு 1. அடுத்து மறுபடி 2, 4, 1. மூன்று அடிக்கு ஒருமுறை சக்கரம் சுற்றி வந்துவிடுகிறது. ஆகவே அடுக்கை 3-ஆல் வகுக்க வேண்டும். 100 = 3 × 33 + 1. முதல் அடியில் இருப்பது 2. அதுதான் விடை.

சக்கரத்தின் நீளத்தைத் தேட நேரமில்லையா? வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, அடிமானம் (இங்கே 2) அதன் மடங்காக இல்லாவிட்டால், வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்து அதனால் அடுக்கை வகுக்கலாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா 1640-இல் சொன்ன விதி இது. இங்கே 7 - 1 = 6; 100-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4; 2⁴ = 16, அதன் மீதி 2. எந்த வழியில் போனாலும் அதே ஊர். கால்குலேட்டரை நம்பாதீர்கள்: 2¹⁰⁰ என்பது 31 இலக்க எண், சாதாரண கால்குலேட்டரின் திரையில் முதல் சில இலக்கங்கள்தான் தெரியும். மீதிக்குக் கடைசி இலக்கமும் வேண்டும்.

அடுத்தது -17. பத்தாம் வகுப்பில் படித்த யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றப்படி மீதி 0-க்குக் கீழே போகக் கூடாது, வகுக்கும் எண்ணை எட்டவும் கூடாது. -17 = 5 × (-4) + 3. எனவே தேர்வில் 3 என்றே எழுதுங்கள். கணினியில் எக்செல், பைத்தான் நிரல்மொழி இரண்டும் 3 என்றே சொல்லும். சி, ஜாவா என்ற நிரல்மொழிகள் -2 காட்டும். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. -2-உடன் 5-ஐக் கூட்டினால் 3, வேலை முடிந்தது.

இந்தக் குறை எண் மீதி நாள்காட்டிக் கணக்கில் நன்றாகக் கைகொடுக்கும். 1950 ஜனவரி 26 வியாழக்கிழமை. அதற்கு 895 நாள் முந்தையது 1947 ஆகஸ்ட் 15. என்ன கிழமை? பின்னால் போகிறோம், ஆகவே -895. அது 7 × (-128) + 1. மீதி 1. பின்னோக்கி 895 நாள் எண்ணுவதும், முன்னோக்கி ஒரே ஒரு நாள் நகர்வதும் கிழமைக்கு ஒன்றுதான். வியாழனுக்கு அடுத்தது வெள்ளி.