பிரவுசரில் தானாக விளம்பரம் வருகிறது, தேடுபொறி மாறிக்கொண்டே இருக்கிறது: ஃபார்மட் அடிக்காமல் சரிசெய்ய முடியுமா?

முடியும். பெரும்பாலும் ஒரு மணி நேர வேலைதான்.

உங்கள் கேள்வியில் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று பெட்டி பெட்டியாக வருகிறது. குரோமில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு பக்கத்தில் போய் நிற்கிறது. நீங்களே மாற்றி வைத்தாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. சர்வீஸ் கடையில் கேட்டால் ஃபார்மட் என்கிறார்கள். அவர்களுக்கு அது சுலபம், காசும் நிச்சயம். ஆனால் ஃபார்மட் அடித்தும் தொல்லை திரும்பி வந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன், அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன். மூன்றையும் ஒரே 'வைரஸ்' என்று நினைத்துத் தேடினால்தான் தலை சுற்றும், தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் அந்த மூலைப் பெட்டி. பெரும்பாலானவர்களுக்கு அது வைரஸே இல்லை, ஏதோ ஒரு இணையதளத்துக்கு நீங்களே கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. படம் டவுன்லோட் செய்யும் தளம், கிரிக்கெட் நேரலை காட்டும் தளம் மாதிரி இடங்களில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ பட்டனை அழுத்தவும்' என்று வரும், அழுத்தினால் நிரூபணம் ஒன்றும் நடக்காது, அந்தத் தளம் இனி எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரையில் செய்தி காட்டலாம் என்று அனுமதி மட்டும் போய்விடும். குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் டேப் எதுவும் திறந்திருக்க வேண்டியதுகூட இல்லை. விண்டோஸ் அதைத் தன் சொந்த அறிவிப்பு மாதிரியே காட்டுவதால்தான் எல்லோரும் பயந்துபோகிறார்கள். என் சித்தப்பா லேப்டாப்பில் பிரபலமான ஒரு ஆண்டிவைரஸின் பெயர், சிவப்புக் கேடயப் படம் எல்லாம் போட்டு 'சந்தா முடிந்துவிட்டது' என்று வந்துகொண்டிருந்தது. "பணம் கட்டச் சொல்லுதுடா, கட்டிறவா?" என்று கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அவர் கணினியில் அந்த ஆண்டிவைரஸ் இன்ஸ்டாலே ஆகியிருக்கவில்லை. பெட்டியை உற்றுப் பார்த்தால் பொடி எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றும் அதன் பக்கத்தில் அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன ஒரு தளத்தின் முகவரியும் இருந்தது. உங்கள் பெட்டியிலும் அந்தப் பொடி எழுத்தைப் பாருங்கள், பிரவுசர் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது.

இதை நீக்க எந்த மென்பொருளும் வேண்டாம். குரோமில் மூன்று புள்ளி மெனு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். எட்ஜில் இடம் அடிக்கடி மாறுகிறது, செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று அடித்தாலே வந்துவிடும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும், தெரியாததை எல்லாம் நீக்குங்கள். மேலே 'எந்தத் தளமும் அனுமதி கேட்க வேண்டாம்' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் இல்லாமல் வாழ முடியாத இணையதளம் என்று ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

அடுத்தது தேடுபொறி மாறுவது. இதற்குப் பின்னால் இருப்பது காசு. நீங்கள் தேடும் ஒவ்வொரு சொல்லும் அவர்கள் பக்கம் வழியாகப் போனால், அங்கே காட்டும் விளம்பரத்தில் அவர்களுக்குப் பங்கு. அதனால் உங்கள் கணினியைக் கெடுப்பதில் அவர்களுக்கு லாபமில்லை, அது நன்றாக ஓடி, நீங்கள் நிறையத் தேடினால்தான் லாபம். இதில் அலட்சியமும் கூடாது. 2017இல் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியே கொண்டுவந்த 'ஃபயர்பால்' இந்த ரகம்தான், ஹோம்பேஜை மாற்றுவதோடு நிற்காமல் எந்த நிரலையும் இறக்கி ஓட்டும் திறன் அதற்கு இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக் கணினிகள், அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடி என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். அது மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பாதியாகவே இருந்தாலும் கொஞ்சமா?

பெரும்பாலும் வேலையைச் செய்வது ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டி மென்பொருள். எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாதது, போட்டும் மறந்துபோனது எல்லாவற்றையும் எடுங்கள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வானிலை காட்டி, புதிய டேப்பில் அழகான படம் காட்டுவது, இந்த நான்கு வகை மீதும் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்பது வானிலை சொல்வதற்கு எதற்கு? முன்பு நல்லதாக இருந்தது இப்போதும் நல்லதாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று மெமரியை மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன் ஒன்று இருந்தது, லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றார், 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. பயனர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை, தானாக அப்டேட் ஆனது, அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது தொல்லை: எடுத்தாலும் திரும்ப வருவது. உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான், ஏனென்றால் எல்லோரும் குரோமுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மாற்றுகிறார்கள், திரும்பப் போடுகிற ஆள் வெளியே உட்கார்ந்திருக்கிறான். பின்வாசலைத் திறந்துவைத்துவிட்டு முன்வாசலுக்குப் பூட்டு மாற்றுவது மாதிரி.

அந்த ஆளைக் கண்டுபிடிக்க நான் பார்க்கும் வரிசை இது. முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளை ஒட்டி வந்தவை மேலே தெரியும். ஒரே நாளில் நீங்கள் விரும்பிப் போட்ட ஒன்றும் கூடவே முன்பின் தெரியாத மூன்றும் இருந்தால், அந்த மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தவை. எடுத்துவிடுங்கள், அன்இன்ஸ்டால் செய்யும்போது 'நிஜமாகவே போகிறீர்களா' என்று கெஞ்சும் திரைகளில் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

பிறகு குரோம் மெனுவின் அடியைப் பாருங்கள். 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அலுவலக லேப்டாப் என்றால் அது நியாயம், கை வைக்காதீர்கள். வீட்டுக் கணினியில் இருந்தால் யாரோ உங்களுக்கு நிர்வாகியாகிவிட்டார்கள். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்தால் என்னென்ன கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்று ஒரு வரியும் அதன் எதிரே 32 எழுத்தில் ஒரு குறியீடும் இருந்தால் அதுதான் குற்றவாளி, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டனே வேலை செய்யாததற்குக் காரணமும் அதுதான். இது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது: ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். கரண்ட் யூசர் பக்கமும் இதே பாதையில் பாருங்கள். அழிப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டிவைரஸ்களும் இங்கே ஏதாவது எழுதி வைப்பதுண்டு, அதனால் பெயரைப் பார்த்துவிட்டு அழியுங்கள். ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்கினால் கீழே சொல்லும் ஆட்வ்கிளீனரை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்று முடிய வேண்டும், பின்னால் ப்ரொஃபைல் பெயர் இருந்தாலும் பரவாயில்லை. ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள், டாஸ்க்பாரில் இருப்பதையும் சேர்த்து.

'மறுநாள் திரும்ப வருகிறது' என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது டாஸ்க் ஷெட்யூலர். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஓடும் வேலையாகத் தன்னைப் பதிந்துவைத்துக்கொள்வது இவற்றின் பழைய வித்தை. 2022இல் பரவிய 'குரோம்லோடர்' இதைத்தான் செய்தது. கிராக் செய்த கேம், படம் என்ற பெயரில் ஐஎஸ்ஓ ஃபைலாக (டிஸ்க்கின் நகல்) வந்து, ஷெட்யூலரில் உட்கார்ந்து, பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவி வழியாக எக்ஸ்டென்ஷனைத் திரும்பத் திரும்ப ஏற்றியது. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, லைப்ரரியில் முதல் பட்டியலை மட்டும் பாருங்கள், உள்ளே இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் பக்கம் போக வேண்டாம். ஆக்‌ஷன்ஸ் பகுதியில் பவர்ஷெல் என்றோ, உங்கள் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும் விநோதப் பெயர்கொண்ட ஃபைல் என்றோ இருந்தால் முதலில் டிஸேபிள் செய்யுங்கள், இரண்டு நாள் நிம்மதியாக இருந்தால் அழித்துவிடுங்கள்.

வீட்டில் உள்ள போன்களிலும் இதே மாதிரி வேறு தளத்துக்குப் போகிறதா? அப்படியென்றால் கணினியை நோண்டுவது வீண், ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவை) மாறியிருக்கலாம். ரவுட்டரை ரீசெட் செய்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இப்போது ஃபார்மட் ஏன் சில நேரம் பலிக்காது என்பது. விண்டோஸைப் புதிதாகப் போடுகிறீர்கள், குரோமை இறக்குகிறீர்கள், ஜிமெயிலில் லாகின் செய்கிறீர்கள், உங்கள் கணக்கில் சேமித்ததைத் திரும்பக் கொண்டுவரும் சிங்க் எல்லா எக்ஸ்டென்ஷனையும் பத்திரமாகக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது, கெட்டதையும் சேர்த்து! கடைக்காரர் பாவம், அவருக்கு உங்கள் ஜிமெயில் தெரியாது. அதே கணக்கு இன்னொரு கணினியில் இருந்தால் அங்கேயும் எடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, குரோம் செட்டிங்ஸில் ரீசெட் கொடுங்கள். புக்மார்க்கும் கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும்.

துணைக்கு மென்பொருள் வேண்டுமென்றால் ஆட்வ்கிளீனர் போதும். அதை 2016இல் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது. இலவசம், இன்ஸ்டால்கூட வேண்டாம், அவர்களின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். குரோமுக்குள்ளேயே முன்பு ஒரு துப்புரவுக் கருவி இருந்தது, 2023இல் எடுத்துவிட்டார்கள், இன்னும் அதைப் பரிந்துரைக்கும் பழைய பதில்களை நம்பித் தேடாதீர்கள். முக்கியமாக, உங்களைத் தொல்லை செய்யும் தளத்தின் பெயரைப் போட்டு 'எப்படி நீக்குவது' என்று தேடாதீர்கள். வருகிற பக்கங்களில் நிறைய ஏதோ ஒரு கட்டண 'கிளீனரை' விற்பதற்காகவே எழுதியவை. அது ஸ்கேன் செய்து ஆயிரம் கோளாறு இருக்கிறது என்று சிவப்பில் காட்டும், சரிசெய்யப் பணம் கேட்கும்.

இனி வராமல் இருக்க: விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல், அதில் ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன், அதற்குள் 'பொட்டன்ஷியலி அன்வாண்டட் ஆப் பிளாக்கிங்'. அதை ஆன் செய்யுங்கள், டவுன்லோடுக்கும் சேர்த்து. ஒட்டுண்ணி மென்பொருள்களுக்கென்றே இருக்கும் பூட்டு அது, சில கணினிகளில் அணைந்து கிடக்கலாம்.

மற்றபடி எங்கிருந்து இறக்குகிறோம் என்பதுதான் எல்லாம். பெரிய பெயர் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜாவாவோடு ஆஸ்க் டூல்பார் வந்ததை 2010களில் கணினி வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மென்பொருள் இறக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் போக்குப் பிடிக்காமல், கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் குழுவினர் 2013இல் அங்கிருந்து வெளியேறினார்கள், 2015இல் அதே கிம்ப்பின் இன்ஸ்டாலரில் விளம்பரச் சரக்கைச் சுற்றி அந்தத் தளம் கொடுத்தது. பிறகு கைமாறி, 2016இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அதே 2015இல் லெனோவா லேப்டாப்களில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே 'சூப்பர்ஃபிஷ்' என்ற ஆட்வேர் (விளம்பர மென்பொருள்) இருந்தது வெளியே வந்தது, பாதுகாப்பான இணைப்புகளுக்கு உள்ளேயே தலையை நுழைத்து விளம்பரம் போட்டது அது. எனவே இன்ஸ்டால் செய்யும்போது எக்ஸ்பிரஸ் வேண்டாம், கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே டிக் போட்ட பெட்டிகளை எடுத்துவிடுங்கள். கூகுள் தேடலில் மேலே 'ஸ்பான்சர்டு' என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

நம் ஆட்கள் மாட்டும் இடம் ஒன்று தனியாக உண்டு: தமிழ் டைப்பிங் மென்பொருள், தமிழ் ஃபான்ட் தேடுவது. விண்டோஸ் 10இல் 2019 மே அப்டேட்டிலிருந்தே தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது, லேங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். ஃபான்ட் என்று இறக்கியது டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் ஆக இருக்க வேண்டும், ஜிப்பாக வந்தால் உள்ளே அது இருக்க வேண்டும். இஎக்ஸ்இ வந்தால் அது ஃபான்ட் இல்லை, அழித்துவிடுங்கள். விளம்பரத் தடுப்பானுக்கு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம். உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள், அதே மாதிரிப் பெயரில் வேறு சிலவும் உலவுகின்றன.

கடைக்காரர் சொன்னது சரியாகும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிராக் அல்லது ஆக்டிவேட்டர் ஓட்டிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தாலோ, அந்தப் பெட்டியில் இருந்த நம்பருக்கு போன் செய்து யாருக்காவது ரிமோட்டில் கணினியைக் கொடுத்திருந்தாலோ, மேலே சொன்ன துப்புரவை நம்ப வேண்டாம். ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்துவிடுங்கள். அதற்கு முன்பே வேறொரு கணினியிலோ போனிலோ மெயில், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் இதையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.