கஸ்தூரியார் வீதியில் ஏன் இத்தனை நகைக்கடை?

அண்ணாவுக்கு வணக்கம்,

நல்லூர்த் திருவிழாவுக்கு மகளுடன் யாழ்ப்பாணம் வருகிறேன். அவளுக்குப் பதினாறு வயது. ‘ஸ்டைலான’ கடைத்தெருவைக் காட்டு என்கிறாள். போன முறை கஸ்தூரியார் வீதியில் நடந்தேன். நகைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை. எங்கட சனத்துக்கு இந்தப் பவுண் பைத்தியம் இன்னும் போகவில்லையே என்று வெட்கமாக இருந்தது. உடுப்பு எடுக்க, சுற்றிப் பார்க்க எங்கே போகலாம்? வாகனம் நிறுத்த இடம் இருக்கிறதா?

சு., ரொறன்ரோ

அன்புள்ள தங்கச்சி,

வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மகள் ‘ஸ்டைல்’ என்பது ஆஸ்பத்திரி வீதியில் இருக்கும் கார்கில்ஸ் சதுக்கம் மாதிரி ஒன்றைத்தான். அதற்கு ஒரு மணித்தியாலம் போதும். பிறகு பெரியகடைப் பக்கம் நடந்து மலாயன் கபேயில் வாழையிலையில் சாப்பிடுங்கள். வெயில் தாழ, 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நூலகத்துக்குப் போகலாம். 1981இல் அங்கே 97,000 புத்தகங்கள் எரிந்த கதையை மகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளைச் சுவர் தானாகச் சொல்லாது.

சரி, அந்த ‘வெட்கம்’. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போன கிழமைதான் அம்மாவின் தாலிக்கொடியை அதே கஸ்தூரியார் வீதியில், என் மகளுக்கு அழித்துச் செய்யக் கொடுத்துவிட்டு வந்தேன்.

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சனம் போரில் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்த நாள். பின்னேரம் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். மழை. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினேன். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. வீட்டைக் கொண்டுபோக முடியுமா? கிணற்றை? பனங்காணியை? அம்மா கொடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தா. சாவகச்சேரியில் இரண்டு காப்பு விற்றோம். வாங்கியவர் கழிவு என்று சொல்லி வெட்டியதை வெட்டினார். யாரிடம் முறையிடுவது? ஊரே விற்க நின்றது. அந்தக் காப்புகள் எங்களுக்கு அரிசியாகின, மண்ணெண்ணெயாகின, அம்மம்மாவின் மருந்துமாகின. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை.

தங்கச்சி, ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் முதலில் வெளிநாடு போனவருக்கு ஏஜென்சிக்காரனிடம் கட்டிய காசு எங்கிருந்து வந்தது? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அனேகமாக யாரோ ஒருத்தியின் கழுத்திலிருந்துதான் வந்திருக்கும். காணி உறுதியை எந்தச் செக்பொயின்ரில் மாற்றிச் சாப்பிட்டிருப்பீர்கள்? இரவோடிரவாக எழுந்து ஓடிய சனம் இடுப்பில் செருகக்கூடிய சொத்தைத்தான் நம்பும். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில் மினுங்குவது பகட்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. (சீதனத்துக்கு இத்தனை பவுண் என்று கணக்குச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாருக்காக நான் வாதாடவில்லை. அவர்களைத் திட்ட வேறொரு நாள் வேண்டும்.)

கடைப் பொடியன் கொடியைத் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஐயா, கொடியில நாலு விரற்கடை குறையுதே?”

“ஓம் தம்பி. அது எங்கட குசினிக் கூரையில இருக்கு.”

அவன் சிரித்தான். பிறந்த வருசம் கேட்டேன், 2001 என்றான்.

மகளின் உடுப்புக்கு எந்தக் கடை என்று கேட்டிருந்தீர்கள். அதை என் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன்.