வைஃபை இல்லாத பிரிண்டர், மூன்று கட்டு வீடு

கேள்வி: கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டில் கேனான் எல்பிபி 2900 லேசர் பிரிண்டர் இருக்கிறது. யூஎஸ்பி மட்டும்தான். முகப்பு அறையில் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறோம், ரவுட்டரும் அங்கேதான். கோயில் புள்ளிப் பட்டியல் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு), பிள்ளைகளின் பாடம் எல்லாவற்றையும் இரண்டாம் கட்டில் உள்ள லேப்டாப்பிலிருந்தும் போனிலிருந்தும் அச்சிட வேண்டும். ரவுட்டரின் பின்னால் உள்ள யூஎஸ்பியில் செருகினால் போதுமா? இல்லை, புதிது வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

ரவுட்டரில் இருக்கும் யூஎஸ்பி பெரும்பாலும் பென்டிரைவுக்கானது. பிரிண்டரை ஏற்கும் ரவுட்டர் என்றாலும் 2900 அதோடு ஒத்துப்போவது அபூர்வம். இந்த வகை லேசர்களில் பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து தருவது கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் என்ற மென்பொருள்தான்; வந்ததைத் தாளில் இறக்குவதோடு பிரிண்டரின் வேலை முடிந்தது. கேனான் இதற்கு ‘காப்ட்’ என்ற சொந்த முறையை வைத்திருக்கிறது. ரவுட்டருக்கு அது புரியாது. எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருளை, அனுப்பினால்தான் அது வேலைக்கே வரும். கடைக்காரர், பிரிண்டரை நெட்வொர்க்கில் சேர்க்கும் ‘பிரிண்ட் சர்வர்’ பெட்டி ஒன்றை நீட்டினால், அதன் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

ஆக, அந்தப் பழைய கம்ப்யூட்டரையே நடுவில் வைப்போம். நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றி, பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். பிறகு பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ பகுதிக்குப் போய், இடைவெளி இல்லாத சின்னப் பெயராகக் கொடுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பை நிறுத்துங்கள். அது தூங்கினால் பிரிண்டரும் கிடைக்காது. லேப்டாப்பில் முதலில் 2900 டிரைவரை நிறுவிவிட்டு, அப்புறம் நெட்வொர்க்கில் தேடிச் சேருங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் முகப்புக் கம்ப்யூட்டரின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் தர வேண்டும். தினமும் திறக்கும் நாலு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. பலர் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சேரும்போது 0x0000011b என்ற பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 2021-இல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுகளின் விளைவு அது. முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்து பாருங்கள். அப்படியும் வந்தால், லேப்டாப்பில் பிரிண்டரைக் கையால் சேர்க்கும் வழியில் ‘லோக்கல் போர்ட்’ ஒன்றை உருவாக்கி, அதன் பெயராக இரண்டு பின்சாய்கோடு (\), கம்ப்யூட்டர் பெயர், இன்னொரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் என்று வரிசையாக இடுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. அது பாதுகாப்பைக் குறைக்கும் வேலை, நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான சிக்கல் உங்கள் வீட்டுச் சுவர்தான். அந்தக் காலச் சுண்ணாம்புச் சுவரின் கனத்தை வைஃபை இரண்டு மூன்று தடவை தாண்ட வேண்டும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் முதல் சுவரிலேயே துவண்டுவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இரண்டாம் கட்டில் சிக்னல் இல்லையென்றால் ஷேரிங்கை எத்தனை தடவை திருத்தினாலும் பயனில்லை. ஈதர்நெட் கேபிள் ஒன்றை இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை வையுங்கள். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். முகப்பிலிருந்து பின்கட்டு வரைகூட இழுக்கலாம். யூஎஸ்பி கேபிளுக்கோ 5 மீட்டர்தான் வரம்பு, அதனால் பிரிண்டரை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். கேபிளை வளவு முற்றத்தின் குறுக்கே தொங்கவிடாமல் தாழ்வாரக் கூரையின் உள்பக்கமாகக் கொண்டுபோங்கள். மழையும் இடியும் நேரே தொடக்கூடாது. தேக்கு நிலையில் துளை போட வேண்டாம், சன்னல் வழியாகவே போகட்டும். சுவரில்தான் ஓட்டை என்றால், வீடு பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்தால், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை.

போனிலிருந்து நேரடியாக வராது. இந்த ஷேரிங் விண்டோஸுக்குள் நடப்பது. கோப்பை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, முகப்புக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பில் திறந்து அச்சிடுவது சுலபம். லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை வாங்கச் சொல்லி யாராவது யோசனை தரலாம். 1020-க்கு அது சரி. 2900-க்குக் கேனான் தந்த லினக்ஸ் டிரைவர் ராஸ்பெர்ரி பையின் பிராசஸருக்கானது அல்ல. அதில் இறங்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் திடீரென்று அச்சு வரவில்லை என்றால், பிரிண்டர் வரிசையைத் திறந்து ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு, தேங்கி நிற்கும் கோப்புகளையும் நீக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.