2010ஆம் ஆண்டுக் காரின் ஹீட்டருக்கு 1,900 டொலர் போடலாமா?

கேள்வி: ஐயா, கனடாவில் டொரொன்ரோவின் ஸ்காபரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. கார் 2010ஆம் ஆண்டுடையது, 230,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சின் இதுவரை கரைச்சல் தந்ததில்லை. கொஞ்ச நாளாக ஹீட்டர் சரியில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஓரளவு சூடு வருகிறது. 401 நெடுஞ்சாலையில் ஏறினால் குளிர்காற்றுத்தான். வெப்பநிலை காட்டும் முள் முன்புபோல நடுவுக்கு வருவதில்லை. 'செக் எஞ்சின்' விளக்கும் எரிகிறது. தெரிந்த கராஜில் கேட்டேன். ஹீட்டர் கோர் போய்விட்டது, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், 1,650 டொலரும் வரியும் என்றார்கள். "காரே 2,500 டொலர்தான் பெறும், அதுக்கு இவ்வளவு போடுறது விசர்வேலை, குடுத்திட்டு வேறை எடு" என்கிறார் மச்சான். அவர் பார்த்து வைத்திருக்கும் கார் வரியோடு 24,000 டொலர்; 84 மாதக் கடன், 7.99 வீத வட்டி. என்னிடம் டி.எஃப்.எஸ்.ஏ எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 2,800, ஆர்.ஆர்.எஸ்.பி எனும் ஓய்வுகாலச் சேமிப்பில் 9,000 டொலர் இருக்கின்றன. கிரெடிட் கார்டில் 3,400 டொலர் கடன், வட்டி 20.99 வீதம். மாதம் 500 டொலர்படி 20 பேர் சீட்டு ஒன்றும் பிடிக்கிறேன், ஆறு மாதம் கட்டியாயிற்று. இந்த மாதம் 1,500 டொலர் கழிவுக்குப் போகும்போல் இருக்கிறது. சீட்டை எடுத்துக் காரைத் திருத்துவதா, அந்தக் காசை முற்பணமாகக் கட்டி வேறு கார் எடுப்பதா?

பதில்: இந்த மாதம் சீட்டை எடுக்காதீர்கள். காரையும் கொடுத்துவிடாதீர்கள். 1,650 டொலர் வேலைக்கும் இன்னும் சம்மதிக்க வேண்டாம். முதலில் காரை வேறொரு கராஜுக்குக் கொண்டுபோய், சோதனைக்கு மட்டும் காசு கொடுத்து, பழுது என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மணிநேரக் கூலி அளவில் அது முடிந்துவிடும். இப்போது நீங்கள் செலவழிக்கப்போகும் காசில் மிகப் பயனுள்ள காசு அதுதான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய இரண்டு வரிகள். நின்றால் சூடு, ஓடினால் குளிர். முள் நடுவுக்கு வருவதில்லை. இவை ஹீட்டர் கோர் பழுதுக்குரிய அறிகுறிகள் அல்ல.

காரின் ஹீட்டர் தனியாக எதையும் எரிப்பதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகும் கூலன்ட் என்ற திரவத்தில் ஒரு பகுதி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றுக்குள் போய்வருகிறது. ஹீட்டர் கோர் என்பது அதுதான். அதன்மேல் விசிறி காற்றை ஊத, சூடு உள்ளே வருகிறது. கூலன்ட் தேவையான அளவு சூடாகும்வரை அதை முன்பக்கத்துப் பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட். இது திறந்தபடியே இறுகிவிட்டால் கூலன்ட் எந்நேரமும் பெரிய ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அடிக்க அடிக்க இன்னும் குளிரும், அதனால் ஹீட்டரும் குளிரும். சிவப்பு விளக்கில் நின்றால் அந்தக் காற்று இல்லை. எஞ்சினின் சூடு கொஞ்சம் தேங்கி உள்ளே வரும். முள் மேலே ஏறாததற்கும் காரணம் இதுவே. எஞ்சின் விளக்கு எரிவதும் இதனோடு ஒத்துப்போகிறது. கராஜில் கருவியைச் செருகிப் பார்த்தால் 'பி 0128' என்ற குறியீடு வரக்கூடும். கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது.

ஹீட்டர் கோர் அடைபட்டிருந்தால் எஞ்சின் வழமைபோலச் சூடாகும், முள் தன் இடத்தில் நிற்கும், உள்ளே மட்டும் குளிராக இருக்கும். எஞ்சின் பக்கமிருந்து உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் குழாய்களில் ஒன்று நல்ல சூடாகவும் மற்றது குளிராகவும் இருப்பதை மெக்கானிக் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். கோர் ஒழுகினால் காருக்குள் இனிப்பான ஒரு மணம் வரும், கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்போல மங்கும், முன்சீட்டில் பயணி கால் வைக்கும் இடத்தில் கம்பளம் நனைந்திருக்கும். இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது கூலன்ட் தாங்கியில் மட்டம் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். மட்டம் குறைந்தாலும் ஹீட்டர் குளிரும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

தெர்மோஸ்டாட்தான் என்றால், புதிய கூலன்ட்டும் கூலியும் சேர்த்து உங்கள் வகைக் காரில் பெரும்பாலும் சில நூறு டொலரோடு முடியும். ஹீட்டர் கோர் வேலையில் பாகத்தின் விலை பெரிதல்ல. டாஷ்போர்டைக் கழற்றித் திரும்பப் பூட்டும் கூலிதான் காசைத் தின்கிறது. காரைச் சோதிக்காமல் அந்தத் தொகையை ஒருவர் சொன்னால், அதை நம்பி வாழ்க்கையை மாற்றும் கடனுக்குப் போகக்கூடாது.

சரி, இரண்டாவது கராஜும் ஹீட்டர் கோர்தான் என்று காட்டிவிட்டால்? அப்போதும் என் பதில் பெரும்பாலும் திருத்துங்கள் என்பதே.

காரின் பெறுமதி 2,500, திருத்தச் செலவு வரியோடு 1,864 என்று உங்கள் மச்சான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அக்கறையோடு சொல்கிறார், ஆனால் ஒப்பிடும் பொருள் பிழை. காரை விற்கப்போகிறவருக்குத்தான் அந்த 2,500 முக்கியம். உங்களுக்குத் தேவை இரவில் மிசிசாகாவுக்குப் போய் விடிய வீடு திரும்ப ஒரு வழி. அதற்கு இருக்கும் மற்ற வழி என்ன விலை என்று பாருங்கள். 24,000 டொலரை 7.99 வீதத்துக்கு 84 மாதம் எடுத்தால் மாதக் கட்டுக்காசு ஏறக்குறைய 374 டொலர். கட்டி முடிக்கும்போது 31,400 டொலர் கொடுத்திருப்பீர்கள். அதில் வட்டி மட்டும் 7,400. கடன் கொடுப்பவர் முழுக் காப்புறுதி கேட்பார். பழைய காருக்கு நீங்கள் கட்டாயக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால் அந்த வித்தியாசமும் மாதாமாதம் ஏறும், ஸ்காபரோ விலாசத்துக்கு அது சின்னத் தொகையாக இராது. திருத்தச் செலவு முழுவதும் புதுக் கடனின் ஐந்து மாதக் கட்டுக்காசுக்குச் சமம். திருத்திய கார் ஆறாவது மாதமும் ஓடினால் நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இங்கே வீதிக்குப் போடும் உப்பு 15 வருடம் அந்தக் காரின் அடியைத் தின்றிருக்கும். பெரிய தொகை செலவழிக்க முன் காரை மேலே தூக்கி அடிச்சட்டம், பிரேக் குழாய்கள், கதவுக்குக் கீழான தகடு எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கீழே நின்று கண்ணால் பாருங்கள். சட்டம் உக்கியிருந்தாலோ, கூலன்ட் எஞ்சினுக்குள் போய்ப் புகைக்குழாயில் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தாலோ ஹீட்டருக்காக 1,900 டொலர் போடாதீர்கள். அந்த நிலையில் மச்சான் சொல்வது சரி. அப்போதும் 24,000 டொலர் கார் அல்ல, அதில் பாதிக்கும் குறைந்த ஒன்றைத் தேடுங்கள்.

இப்போது காசு எங்கிருந்து என்பது.

டி.எஃப்.எஸ்.ஏயிலிருந்து எடுங்கள். பலர் அதைத் தொடப் பயப்படுகிறார்கள். எடுக்கும் காசுக்கு வரி இல்லை; எடுத்த அளவு காசைத் திரும்பப் போடும் இடம் அடுத்த ஜனவரி 1ஆம் திகதி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆர்.ஆர்.எஸ்.பி அப்படி அல்ல. 5,000 டொலருக்குள் எடுத்தால் 10 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்த இடம் திரும்ப வராது. எடுத்த தொகை உங்கள் வருமானத்தில் சேர்வதால் பிள்ளைகளுக்கு வரும் மாதக் கொடுப்பனவும் குறையலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. சம்பளத்துக்கு முன் கடன் தரும் கடைகள் பக்கமும் போகவேண்டாம்: 100 டொலருக்கு 14 டொலர் வரை கட்டணமாக வாங்கலாம், அதுவும் இரண்டு கிழமைக்கு.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 10,000 டொலர் சீட்டை 1,500 கழிவுக்கு எடுத்தால் கையில் 8,500 வரும். உங்களுக்குத் தேவை, மிக மோசமான நிலையிலும், 1,900. அந்த 1,900க்காக 1,500ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். மீதி 6,600 கையில் இருந்தால் அது புதுக் காரின் முற்பணமாகப் போய்விடும். மச்சானும் பக்கத்தில் நிற்கிறார். பிறகு 14 மாதம் சீட்டுக்காசு 500, கார்க் கட்டுக்காசு முந்நூறுக்குக் கிட்ட, அதற்குமேல் காப்புறுதி. இரவு வேலையில் மேலதிக மணித்தியாலம் ஒரு மாதம் குறைந்தால் எதை விடுவீர்கள்? சீட்டுக்காசை நிறுத்த முடியாது, அது 19 பேருக்கு முன்னால் நீங்கள் கொடுத்த வாக்கு.

உங்கள் கார்டையும் பார்ப்போம். 3,400 டொலருக்கு 20.99 வீதம் என்றால் மாதம் 59 டொலர் வட்டியாக மட்டும் போகிறது. திருத்தம் 450 டொலரோடு முடிந்தால் டி.எஃப்.எஸ்.ஏயில் 2,350 இருக்கும். அதில் 1,000ஐ உடனே கார்டுக்குக் கட்டிவிடுங்கள். மீதியை அவசரத்துக்கு வையுங்கள். ஹீட்டர் கோர்தான் என்றாகி முழுத்தொகையும் போனால், மிஞ்சும் 900 சொச்சத்தைத் தொடாமல் கார்டை மாதச் சம்பளத்திலிருந்தே குறையுங்கள்.

கராஜில் உங்களுக்கு இருக்கும் உரிமைகளும் காசுதான். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். இறுதிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்குமேல் கூடக்கூடாது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வேலை கொடுக்கும்போதே சொல்லி வையுங்கள். புதிதாகப் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. "காசாகத் தாருங்கள், வரி போடமாட்டோம்" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரசீது இல்லாமல் இந்த உரிமைகளை எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கசிவை அடைக்கும் போத்தல் மருந்தை ஊற்றச் சொல்பவர்களும் இருப்பார்கள். அது கோரின் நுண்ணிய குழாய்களையே அடைத்துவிடக்கூடும். இப்போது இல்லாத பழுதை நீங்களே காசு கொடுத்து வாங்குவதாக முடியும். ஹீட்டர் கோரைத் தவிர்த்துக் குழாய்களை நேரே இணைத்துவிடும் குறுக்குவழி கோடைக்குச் சரி. பனிக்காலத்தில் கண்ணாடியைத் துடைக்கும் சூடும் அதோடு போய்விடும். வாயு ஹீட்டரைக் காருக்குள் வைப்பதை நினைக்கவே வேண்டாம், கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

திருத்தும்வரை உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி ஓடுங்கள். கண்ணாடி மங்குகிற இரவில் 401இல் ஏறவேண்டாம், வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. இதைக் காசுக் கேள்விக்குப் பதில் எழுதுபவனாக இல்லாமல், இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு எழுதுபவனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சீட்டைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுபோங்கள். கழிவு சில நூறாகக் குறையும் மாதங்களில் எடுத்தால் கிட்டத்தட்ட முழுத்தொகையும் வரும். அப்போது இந்தக் கார் எப்படி இருந்தாலும், கார்டில் மிஞ்சியதை முதலில் அடைத்துவிட்டு, மீதியைக் கொண்டு அடுத்த காரைக் கைக்காசுக்கே வாங்கலாம். தனியாரிடம் வாங்குவதென்றால் 20 டொலர் கொடுத்து மாகாண அரசின் பழைய வாகனத் தகவல் பொதியை எடுத்து, அந்தக் காரின் மேல் கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.